மறைத்த கூந்தல், இறக்கிய முடி

முதலில் கேள்வி. தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நான் கல்யாணம் செய்துகொள்ளப்போகும் பெண் வேறு மதம். தலையை முழுக்க மறைத்துக்கொள்பவள். நிச்சயம் ஆன பிறகும் கூந்தலைக் காட்டவில்லை, கல்யாணத்துக்கு அப்புறம்தான் என்கிறாள். அழகையே தப்பாக நினைக்கும் நம்பிக்கைதானே இது? முடியைக்கூடக் காட்டாதவளோடு எப்படி நெருக்கம் வரும்?"

பதில் சொல்ல எனக்கு இரண்டு தகுதிகள் உண்டு. ஒன்று, பல வருடங்களாகக் கல்லூரியில் சமயங்களின் வரலாறு நடத்துகிறேன். இன்னொன்று, எனக்குத் தலையில் முடி இல்லை. முப்பத்திநாலு வயதில் புழுவெட்டு வந்தது. பெயரில்தான் புழு இருக்கிறது, நிஜத்தில் புழுவும் இல்லை பூச்சியும் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்கால்களையே எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது. பெரும்பாலானவர்களுக்குக் காசளவு வட்டம் ஒன்றிரண்டு விழுந்து பிறகு வளர்ந்துவிடும். எனக்கு ஐந்தே மாதத்தில் மொத்தத் தலையும் போய்விட்டது. அதனால் கூந்தல், மறைப்பு, கணவனின் பார்வை என்று யாராவது பேசினால் என் காது தானாகவே நீளும்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில், இல்லை. கூந்தலை மறைக்கச் சொன்ன எந்தப் பழைய நூலும் அதை அசிங்கம் என்று சொல்லி நான் படித்ததில்லை. அழகு என்று ஒப்புக்கொண்டதால்தான் இத்தனை சட்டமும். யூதர்களின் சமயச் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூல் தால்முத். அதில் பெரகோத் என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் ஜெபம் சொல்லும் ஆணின் கண்ணில் எதெல்லாம் படக்கூடாது என்று அறிஞர்கள் விவாதிக்கிறார்கள். ராவ் ஷேஷெத் என்பவர் பெண்ணின் கூந்தலையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறார். அதற்கு அவர் காட்டும் ஆதாரம் என்ன தெரியுமா? பைபிளின் உன்னதப்பாட்டு, நாலாம் அதிகாரத்தின் முதல் வசனம். காதலன் காதலியைப் பார்த்து, உன் கூந்தல் கிலேயாத் மலையிலிருந்து இறங்கும் வெள்ளாட்டு மந்தை மாதிரி இருக்கிறது என்று உருகும் இடம் அது. ஆட்டு மந்தையா என்று முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு ஒரு மாலை வெளிச்சத்தில் கறுத்த ஆடுகள் கூட்டமாக மலைச் சரிவில் வழிந்து இறங்குவதை மனதில் ஓட்டிப் பார்த்தேன். சரி, எழுதியவன் கூந்தலை நன்றாகப் பார்த்தவன்தான். தடைக்கு ஆதாரம் தேடிப்போன அறிஞர் கையில் எடுத்தது ஒரு காதல் பாட்டை.

பைபிளின் புதிய ஏற்பாட்டில் பவுலும் அப்படித்தான். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் பதினோராம் அதிகாரத்தில், ஜெபம் செய்யும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார். சில வசனம் தள்ளி, நீண்ட கூந்தல் பெண்ணுக்கு மகிமை என்றும் அவரே சொல்கிறார். குர்ஆனில் இருபத்துநாலாம் அத்தியாயத்தின் 31-ஆம் வசனம், பெண்கள் தலைத்துணியை மார்பின் மேல் போட்டுக்கொள்ளட்டும், தங்கள் அலங்காரத்தை இன்னின்னாரைத் தவிர வேறு யாருக்கும் காட்ட வேண்டாம் என்கிறது. அங்கே இருக்கும் சொல் அலங்காரம்தான். அதில் கூந்தலும் அடங்கும் என்பது அறிஞர்கள் எடுத்த பொருள். அந்த விலக்குப் பட்டியலில் முதல் ஆள் கணவன். இதற்கு முந்தைய வசனம், அதாவது 30, ஆண்களைப் பார்த்துப் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளச் சொல்கிறது. அதை மேற்கோள் காட்டும் ஆண்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆக உங்கள் வருங்கால மனைவி கூந்தல் தப்பு என்று சொல்லவில்லை. அது யாருக்கு என்று சொல்கிறாள். நிச்சயம் ஆனதும் பாதிக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று உங்களுக்குத் தோன்றலாம். அவள் கணக்கில் நீங்கள் இன்னும் வெளி ஆள்தான்.

இந்த எல்லைக்கோட்டை ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் போடுகிறார்கள். இஸ்லாத்தில் பருவம் வந்ததும் மறைப்பு. ஆச்சாரமான யூதர்களிடம் கல்யாணமாகாத பெண் கூந்தலைத் திறந்துதான் வைத்திருப்பாள், கல்யாணமானதும் மூடிக்கொள்வாள். அங்கே ஊரே பார்த்த முடி, தாலி ஏறிய மாதிரி, அன்றிலிருந்து கணவனுக்கு மட்டும். தால்முத்தில் கிம்ஹித் என்ற ஒரு தாயின் கதை வருகிறது. அவளுடைய ஏழு மகன்களும் தலைமைக் குருவாக இருந்தார்களாம். நீ என்ன புண்ணியம் செய்தாய் என்று கேட்டபோது, என் வீட்டு உத்தரம்கூட என் பின்னலைப் பார்த்ததில்லை என்றாளாம். கேட்டவர்கள் சும்மா இருந்தார்களா? நிறையப் பேர் அப்படித்தான் செய்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லையே என்றார்களாம். அந்தப் பதிலையும் விடாமல் எழுதி வைத்த நூல் என்பதால் தால்முத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை.

நம் பக்கம் வருவோம். குறுந்தொகை 270-ல் ஒருவன் வேலையை முடித்துவிட்டு வீடு வந்து சேர்ந்துவிட்டான். வெளியே மின்னலும் இடியுமாக மழை. அவன் மழையிடம், பெய், நன்றாகப் பெய், எனக்கென்ன, நான் இவளுடைய மெல்லிய கூந்தலை அணையாக வைத்துப் படுத்திருக்கிறேன் என்கிறான். கூந்தலைப் பார்த்ததாக அதில் ஒரு வரியும் இல்லை. அன்று பூத்த குவளையின் மணமும் மென்மையும் மட்டும்தான். இருட்டில், கண்ணை மூடியபடி எழுதிய பாட்டு என்று நான் வகுப்பில் சொல்வேன். நெருக்கத்தில் இருப்பவனுக்குக் கூந்தல் காட்சிப் பொருள் இல்லை, தலையணை. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு எல்லோருக்கும் தெரியும், தும்பியிடம் இவள் கூந்தலைவிட மணக்கும் பூ உண்டா என்று கேட்பது. அதை வைத்துப் பிறந்த திருவிளையாடல் கதையில், மனைவியோடு தனிமையில் இருந்த பாண்டியனுக்குக் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று சந்தேகம் வருகிறது. அவன் பொற்கிழி கட்டித் தொங்கவிட்டு அதைச் சபைக்குக் கொண்டுவந்துவிட்டான். சிவனும் நக்கீரரும் சண்டை போட்டதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். அந்த ராணி என்ன நினைத்திருப்பாள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முடி போன இரண்டு வருடம் கழித்து, ஆய்வு வேலையாக லண்டனில் கொஞ்ச காலம் இருந்தேன். எதிர் வீட்டில் ஒரு யூதப் பெண், என்னைவிடப் பத்து வயது சின்னவள், மூன்று குழந்தைகள். அவள் முடி பழுப்பு நிறத்தில் தோள்வரை இருக்கும், எப்போதும் அப்போதுதான் சீவிய மாதிரி படிந்திருக்கும். முதல் வாரமே நான் பொறாமைப்பட்டேன். இரண்டாம் வாரம் மாடிப்படியில் நேருக்கு நேர் பார்த்தபோது, அவள் என் நெற்றி ஓரத்தை ஒரு வினாடி கூடுதலாகப் பார்த்தாள். நானும் அவளுடையதைப் பார்த்தேன். இரண்டு பேருமே விக் போட்டிருந்தோம். விக் போட்டவர்கள் இன்னொரு விக்கைக் கண்டுபிடிக்கும் இடம் அதுதான், முடி தொடங்கும் கோடு. தோலிலிருந்து வரும் முடி கலைந்தும் குட்டையுமாகத் தொடங்கும். விக்கில் அது ஒழுங்காக இருக்கும்.

அவளுடையது ஷைட்டல். யூத மனைவிகள் தலையை மூடப் பயன்படுத்தும் விக்குக்கு அந்தப் பெயர். தன் முடியை மறைக்க இன்னொருத்தி முடியைப் போட்டுக்கொள்வது. அதுவும் அவள் விக் அவள் சொந்த முடியைவிட நிச்சயம் அழகு. ஒரு நாள் சமையலறையில் கழற்றிக் காட்டினாள். உள்ளே ஒட்ட வெட்டிய கிராப். இப்படி வைத்தால்தான் விக் சரியாக உட்காரும் என்றாள். வெளியே அழகான கூந்தல், வீட்டில் கிராப்பு, கடவுள் கேட்டது இதைத்தானா என்றேன். கோபிப்பாள் என்று நினைத்தேன். "சட்டம் என் முடியை மறைக்கச் சொன்னது. என்னை அவலட்சணமாகச் சொன்னதா?" என்றாள். அவர்களுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. ரப்பி என்றால் யூத மதகுரு. ரப்பி ஓவாதியா யோசெப் போன்றவர்கள் விக்கே கூடாது, துணிதான் என்றார்கள். லுபாவிச் பிரிவின் தலைவராக இருந்த ரப்பி விக்தான் மேல் என்றார், துணி எப்போது வேண்டுமானாலும் நழுவும் என்பது அவர் வாதம். ஹசிதியர் என்ற ஆச்சாரமான யூதப் பிரிவினரில், ஹங்கேரி வழி வந்த சில குழுக்களில் கல்யாணமான பெண்கள் தலையை மழித்துக்கொண்டு மேலே துணி கட்டுகிறார்கள்.

விக்கைப் பராமரிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். மனித முடியில் நல்ல சரக்கை ரெமி என்பார்கள். முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் மீன் செதில் மாதிரி, வேரிலிருந்து நுனி நோக்கி அடுக்கடுக்காக இருக்கும். எல்லா முடியும் வேர் ஒரு பக்கம் நுனி ஒரு பக்கமாக ஒரே திசையில் நின்றால் சிக்காது. சீப்பில் உதிர்ந்ததைப் பொறுக்கிச் சேர்த்தால் திசை கலந்துவிடும், செதிலும் செதிலும் மாட்டி நார் மாதிரி ஆகிவிடும். அதை அமிலத்தில் முக்கிச் செதிலை எடுத்து, மேலே சிலிக்கோன் பூசி விற்பார்கள். வாங்கும்போது பளபளப்பாக இருக்கும், நாலைந்து முறை அலசினால் பூச்சு போய்ச் சிக்க ஆரம்பித்துவிடும். திசை மாறாத முடி வேண்டுமென்றால் தலையிலிருந்து நேராகக் கத்தையாக வர வேண்டும். அப்படிக் கத்தையாக, அதுவரை சாயம் படாமல், ஏராளமாகக் கிடைக்கும் இடங்களில் முக்கியமானது எது? நம் திருப்பதி.

இங்கேதான் 2004 வருகிறது. அந்த வருடம் மே மாதம் ஜெருசலேமில் ரப்பி யோசெப் ஷாலோம் எல்யாஷிவ், இந்தியக் கோயிலில் மழித்த முடியில் செய்த விக்குகள் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புக்கு முன் லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருப்பதிக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். விவாதம் ஒரே ஒரு கேள்வியில் நின்றது. அங்கே தலையை மழிப்பது வெறும் தூய்மைச் சடங்கா, அல்லது அந்த முடியே சிலைக்குக் கொடுக்கும் படையலா? சடங்கு என்றால் முடி வெறும் குப்பை, யாரும் பயன்படுத்தலாம். படையல் என்றால் யூதர் அதிலிருந்து எந்தப் பயனும் பெறக்கூடாது. படையல்தான் என்று முடிவானது. நியூயார்க்கின் புரூக்ளினில் தெருவில் விக்குகளைக் குவித்து எரித்தார்கள். என் தோழிக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும். அவள் அம்மாவும் லண்டன் வீட்டுக் கொல்லையில் ஒரு தகர வாளியில் போட்டு எரித்தாராம். அந்த நாற்றம் இரண்டு நாள் போகவில்லை என்றாள். அம்மா அழுதாரா என்றேன். "எவ்வளவு காசு போட்டு வாங்கியது தெரியுமா, அழாமல் இருப்பாளா" என்றாள்.

பிறகு என்னிடம் கேட்டாள். "நீ இந்து. நீ அந்த மலைக்குப் போயிருக்கிறாயா? அது படையலா, சடங்கா?"

போயிருக்கிறேன். ஏழு வயதில், அம்மாவின் வேண்டுதலுக்காக. ஈரத் தரையும், கழுத்தில் ஒட்டிக்கொண்ட முடியின் அரிப்பும், மழித்த மண்டையில் காற்றுப் பட்டபோது வந்த கூச்சமும் நினைவிருக்கிறது. பெரிய ரப்பிகள் தலையைப் பிய்த்துக்கொண்ட கேள்வி அது, என்னிடம் சமையலறையில் வந்து நிற்கிறது. யோசித்துப் பார்த்தால் தமிழில் இரண்டு பதிலும் இருக்கிறது. முடி காணிக்கை என்கிறோம், அது படையல். முடி இறக்குவது என்றும் சொல்கிறோம், அது பாரம் இறக்குவது. அம்மா வீட்டில் பேசும்போது இறக்கணும் என்பாள், கோயிலில் நின்று கும்பிடும்போது காணிக்கை என்பாள். இதை விளக்கினேன். தோழி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லவேளை, அந்த ரப்பி உன் அம்மாவைச் சந்திக்கவில்லை" என்றாள்.

அந்த மலையின் கதையிலும் மறைப்புத்தான் இருக்கிறது. பெருமாளின் தலையில் அடிபட்டு ஓரிடத்தில் முடி இல்லாமல் போனதாம். அதைப் பார்த்த நீலாதேவி தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்து அங்கே வைத்தாளாம். பக்தர்கள் தரும் முடியெல்லாம் அவளுக்கே என்று பெருமாள் வாக்குக் கொடுத்ததாக ஐதீகம். சொட்டை விழுந்த கடவுளும், அதை மறைக்கத் தன் முடியைக் கொடுத்த பெண்ணும். புழுவெட்டு வந்த பிறகு இந்தக் கதையை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். சின்ன வயதில் சாதாரணமாகக் கேட்டுக் கடந்து போன கதை.

இப்போது தோழியின் விக்கில் முடி எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்றிதழ் உண்டு, அவர்கள் சமய மேற்பார்வையில் கொடுப்பது. என்னுடையதற்கு ஒரு சீட்டும் இல்லை. எந்தப் பெண்ணின் எந்த வேண்டுதலோ.

அழகை மூடச் சொல்லும் சட்டம் அழகை ஒழித்ததில்லை, வேறு இடத்துக்கு நகர்த்தியிருக்கிறது. நல்ல உதாரணம் இன்று அமெரிக்காவில் இருக்கும் லூசியானா. ஸ்பெயின் ஆட்சியில் இருந்தபோது, 1786-ல் ஆளுநர் எஸ்தெபான் மிரோ ஒரு கட்டளை போட்டார். சுதந்திரமான கறுப்பினப் பெண்களும் கலப்பினப் பெண்களும் தலையைத் துணியால் கட்ட வேண்டும், நகையும் இறகும் கூடாது என்றார். அவர்கள் கூந்தல் அலங்காரம் வெள்ளைக்காரச் சீமாட்டிகளை மங்க அடித்ததுதான் உள்காரணம். கட்டினார்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில், விலையுயர்ந்த துணியில், உயரமாக, மடிப்பு மடிப்பாகக் கட்டினார்கள். தண்டனையாகக் கொடுத்த துணியே நாகரிகமாகிவிட்டது. இதில் கடவுளுக்குச் சம்பந்தம் இல்லை, பொறாமைக்குத்தான். மதச் சட்டங்கள் சிலவற்றிலும் இந்த வாடை அடிக்கும்.

அதனால் உங்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மறைப்பதா திறப்பதா என்பதைவிட, யார் கையில் முடிவு என்பதைப் பாருங்கள். ஈரானில் 1936-ல் மன்னர் ரேசா ஷா முக்காடு போடக்கூடாது என்று உத்தரவு போட்டார், தெருவில் போலீஸ்காரர்கள் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கினார்கள். 1979 புரட்சிக்குப் பிறகு வந்தவர்கள் போடாமல் வரக்கூடாது என்றார்கள். 2022 செப்டம்பரில் மஹ்சா அமினி என்ற 22 வயதுப் பெண் முக்காடு சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்டு, காவலில் இருந்தபோதே மயங்கி விழுந்து இறந்தார். பிறகு பெண்கள் நடுத்தெருவில் தங்கள் கூந்தலைத் தாங்களே வெட்டினார்கள். பிரான்சில் 1944-ல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து விடுதலை வந்த சமயத்தில், ஜெர்மானியரோடு படுத்தாள், அவர்களுக்கு உடந்தையாக இருந்தாள் என்றெல்லாம் சொல்லிச் சுமார் 20,000 பெண்களின் தலையை மழித்தார்கள், பல இடங்களில் ஊர் நடுவில் நிறுத்தி. நம்மிடமும் புறநானூற்றுக் காலத்திலேயே கணவன் செத்தால் கூந்தலைக் கொய்தார்கள், பின்னால் சில சாதிகளில் விதவைக்கு மொட்டை கட்டாயமானது. கணவன் இல்லாதவளுக்குக் கூந்தல் எதற்கு என்பதுதான் அதன் கணக்கு. மேலே சொன்ன குறுந்தொகைக் கூந்தல் அணைக்கு இது மறுபக்கம். கூந்தல் அவனுக்கானது என்று கொண்டாடும்போது, அவன் போனால் அதுவும் போக வேண்டும் என்று சொல்ல ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

உங்கள் பெண்ணிடம் நீங்கள் கேட்க வேண்டியது முடியைக் காட்டு என்று அல்ல. நாளைக்கு ஒருவேளை நீ மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தால் உன் வீட்டில் என்ன ஆகும் என்று கேளுங்கள். தொடர்ந்து மறைத்தால் என் வீட்டில் உனக்கு என்ன ஆகும் என்று உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவதுதான் பல கல்யாணங்களில் வெடிக்கும் இடம்.

இரண்டாவது கேள்வி, நெருக்கம். இதில் நூல் அறிவு கொஞ்ச தூரம்தான் உதவும்.

முடி போன நாட்களில் காரைக்காலம்மையார் மேல் எனக்குப் பெரிய கோபம் இருந்தது. பெரியபுராணத்தில், கணவன் தன்னைத் தெய்வம் என்று காலில் விழுந்ததும் அவர் சிவனிடம் கேட்பது: "இவனுக்காகத் தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து" பேய் வடிவம் தா. இவனுக்காகச் சுமந்த அழகு, இனி வேண்டாம். படிக்கும் காலத்தில் என்ன கம்பீரம் என்று தோன்றிய வரி அது. என் அழகு கேட்காமலே கழன்று போனபோது, கேட்டுக் கழற்றியவரைப் பார்த்து எரிச்சல் வந்தது. உனக்கு அதற்கு ஈடாகக் கடவுள் கிடைத்தார், எனக்கு எண்ணெய் பாட்டில்தான் மிச்சம் என்று. ஆனால் ஒரு சொல் மட்டும் மனதில் தங்கிவிட்டது. தாங்கிய. அழகு ஒரு சுமை என்று அவ்வளவு எளிதாகச் சொன்னவர் வேறு யாரையும் நான் படிக்கவில்லை.

நான் கிட்டத்தட்ட எட்டு மாதம் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். விளக்கை அணைத்த பிறகுதான் விக்கைக் கழற்றுவேன், கழற்றிய உடனே துணி. என் கணவர் ஒருமுறைகூட அவிழ் என்று சொல்லவில்லை. அப்போது அது எனக்குக் கோபமாகவும் இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை போல என்று. அவருக்கோ நான் கதவைச் சாத்திவிட்டேன் என்ற எண்ணம். ஒரே கட்டிலில் இரண்டு பேரும் ஒரு துண்டுத் துணியைத் தப்புத் தப்பாகப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காய்ச்சலில் துணி நழுவியது எனக்குத் தெரியவில்லை. காலையில் கண் விழித்தபோது அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு என் இடது காதுக்குப் பின்னால் குனிந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "இங்க ஒண்ணு வந்திருக்கு" என்றார். புழுவெட்டில் முடி திரும்பி வந்தால் முதலில் வெள்ளையாக, பூனை மயிர் மாதிரிதான் வரும். தொட்டியில் போட்ட விதை முளைத்ததைப் பார்க்கிற குரல் அவருக்கு. அது ஒரு மாதத்தில் உதிர்ந்துவிட்டது, அது வேறு கதை. அன்றிலிருந்து வீட்டுக்குள் எனக்குத் துணி இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நெருக்கத்துக்கு முடியைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் கணவர் என் கூந்தலைப் பத்து வருடம் பார்த்தவர். அது இருந்தவரை எங்களுக்குள் இந்த அளவு பேச்சு இருந்ததில்லை.

இன்னொன்று, கொஞ்சம் வெளிப்படையாக. தலைமுடியைப் பற்றி இவ்வளவு யோசிக்கும் மாப்பிள்ளைகள் மற்ற முடியைப் பற்றி யோசிப்பதே இல்லை. இஸ்லாத்தில் அக்குளிலும் மறைவிடத்திலும் முடியை நீக்குவது ஆண், பெண் இருவருக்கும் சொல்லப்பட்டது, நாற்பது நாளைத் தாண்டவிடக் கூடாது என்று கெடுவும் உண்டு. சீக்கியரில் கால்சா ஏற்றவர்கள், அதாவது முறைப்படி தீட்சை பெற்றவர்கள், உடம்பில் எந்த முடியையும் எடுக்கக் கூடாது, அதுவும் இருவருக்கும்தான். பெண்ணுக்கு மட்டும் அக்குள் வழவழப்பாக இருக்க வேண்டும் என்ற இன்றைய எதிர்பார்ப்பில் மதத்தைவிட வியாபாரத்துக்குப் பங்கு அதிகம். அமெரிக்காவில் கை இல்லாத உடை வந்ததும் 1915-ல் ஜில்லெட் பெண்களுக்கென்று தனி ரேசர் கொண்டுவந்தது. வேறு மதத்தில் கல்யாணம் செய்பவர்கள் இதையெல்லாம் முதலிரவில் கண்டுபிடித்து முழிப்பதைவிட, முன்பே வெட்கத்தோடாவது பேசிவிடுவது நல்லது.

என்னிடம் படித்த ஒரு முஸ்லிம் பெண், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன் என் அறைக்கு வந்து அழாத குறையாக உட்கார்ந்தாள். அவளுக்கும் இதே மாதிரி, நிச்சயமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பயம் வேறு. "மேடம், இவ்ளோ நாள் மறைச்சு வச்சிருக்கேன், அவர் பெருசா ஏதோ எதிர்பார்க்கிறார். உள்ள எலிவால்தான் இருக்கு" என்றாள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. முடி பற்றிய கவலையை என்னிடம் வந்து சொல்கிறாயா என்று விக்கைத் தூக்கிக் காட்டினேன். அவளும் சிரித்துவிட்டாள்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தாள். என்ன ஆச்சு என்றேன்.

"நான் துணியை எடுத்தேன். அவர் ஒண்ணும் சொல்லல மேடம். கொஞ்ச நேரம் கழிச்சு அவரும் தொப்பியை எடுத்தார். முன்பக்கம் பாதி இல்ல."